லாங்கிஸ்குவாமா முதுகுல இருந்தது இறகுதானா?

கேள்வி கேட்டவர் ஒரு படத்த பாத்துட்டு கேட்டிருக்காரு. பல்லி மாதிரி ஒரு சின்ன பிராணி, முதுகுல வரிசையா நீளநீளமா இறகு மாதிரி ஏதோ நிமுந்து நிக்குது, பேரு லாங்கிஸ்குவாமா, டைனோசர் காலத்துக்கும் முந்தினதுன்னு கீழ போட்டிருக்கு. "டைனோசருக்கு முன்னாடியே இறகு இருந்துச்சுன்னா, பறவைங்க டைனோசர்ல இருந்து வந்துச்சுன்னு சொல்றது தப்பாத்தானே இருக்கணும்?" இதுதான் கேள்வி. பாக்க ஒத்த கேள்வி மாதிரி இருந்தாலும் உள்ள மூணு இருக்கு: அப்படி ஒரு பிராணி நெஜமாவே இருந்துச்சா, அதோட முதுகுல இருந்தது இறகா, இறகுன்னே வெச்சுக்கிட்டாலும் அதனால பறவையோட வம்சாவளி மாறுமா. முதல் கேள்விக்கு ஆமான்னு அடிச்சு சொல்லலாம். மூணாவதுக்கு மாறாதுன்னு அதே உறுதியோட சொல்லலாம். நடுவுல இருக்கறதுதான் விவகாரம், ஐம்பது வருஷத்துக்கு மேல இழுத்த விவகாரம், போன கொஞ்ச நாள்லதான் அதுல பெரிய திருப்பம் வந்திருக்கு, அதனால அதுலதான் நான் ரொம்ப நேரம் நிக்கப்போறேன்.

நான் முதுகெலும்பு உள்ள பிராணிகளோட ஃபாஸில் படிச்சவன், எலும்ப பாத்துப் பாத்து பழகின ஆளு. இந்தப் பிராணி பதிஞ்சிருக்கற மூல கல்ல நேர்ல பாத்ததில்ல, நல்ல ரெசல்யூஷன்ல எடுத்த போட்டோவும் நேர்ல உக்காந்து பாத்தவங்க எழுதின பேப்பரும்தான் எனக்கு ஆதாரம். தோல் எப்படி வளருது, செதில் எப்படி உருவாகுதுங்கற பக்கம் வர்றப்போ அந்தத் துறைக்காரங்க சொல்றத வெச்சுத்தான் பேசறேன், அத நீங்க மனசுல வெச்சுக்கிட்டு படிங்க.

கிர்கிஸ்தானோட தென்மேற்குல, ஃபெர்கானா பள்ளத்தாக்கோட ஓரத்துல, மடிகென்னு ஒரு இடம் இருக்கு. இன்னிக்கு காய்ஞ்ச மலையடிவாரம், ஆனா ட்ரயாசிக் காலத்துல, அதாவது சுமார் 23, 24 கோடி வருஷத்துக்கு முன்னாடி, அங்க ஏரி இருந்துச்சு, சுத்தி காடு இருந்துச்சு. ஏரியோட அடியில மாவு மாதிரி நைசான சேறு அடுக்கடுக்கா படிஞ்சு கல்லானதால அங்க பூச்சியோட சிறகு நரம்பு கூட அப்படியே பதிஞ்சிருக்கு, இதுவரைக்கும் எடுத்த பூச்சி ஃபாஸில் மட்டும் 20,000த்த தாண்டும். சோவியத் காலத்துல அங்க பூச்சி தேடிப் போனவர்தான் அலெக்சாண்டர் ஷரோவ், அடிப்படையில அவரு பூச்சி ஃபாஸில்காரரு. அவரு கண்ணுல 1969ல இந்தப் பிராணி பட்டுச்சு, 1970ல லாங்கிஸ்குவாமா இன்சிக்னிஸ்னு பேரு வெச்சு வெளியிட்டாரு. அதே மடிகென்ல இருந்து பின்னங்காலுக்கு நடுவுல சவ்வு விரிச்சு சறுக்கின ஷரோவிப்டெரிக்ஸும் அவரு கொண்டு வந்ததுதான், கஜகஸ்தான்ல இருந்து உடம்பெல்லாம் முடி மாதிரி இருந்த சோர்டெஸ்ங்கற பறக்கும் ஊர்வனவும் அவருதான் விவரிச்சாரு. பூச்சிக்காரரு கண்ணு மெல்லிசான சங்கதிய தேடிப் பழகின கண்ணு, எலும்ப மட்டும் தேடறவங்களா இருந்தா இந்த தோல் சமாச்சாரத்த எல்லாம் கவனிக்காம போயிருப்பாங்களோன்னு எனக்கு எப்பவும் தோணும். 1973லயே அவரு இறந்துட்டாரு, தான் ஆரம்பிச்சு வெச்ச வாக்குவாதம் எங்க போச்சுன்னு அவரு பாக்கவேயில்ல.

சரி, கல்லுக்கு வருவோம், ஏன்னா நெட்ல சுத்தற படத்துக்கும் கல்லுல இருக்கறதுக்கும் நடுவுல ரொம்ப தூரம். மாஸ்கோவுல இருக்கற அந்த மூல கல்லுல இருக்கறது ஒரு முழு பிராணி இல்ல, முன்பாதி மட்டும்தான். மண்டை ஓடு, கழுத்து, தோள்பட்டை, ரெண்டு முன்னங்கை, விலா எலும்புங்க, அதோட முடிஞ்சுபோச்சு, இடுப்பும் பின்னங்காலும் வாலும் அதுல கிடையாது. மண்டை ஓடு நசுங்கி தட்டையாயிருக்கு, எந்தக் கோடு எலும்போட விளிம்பு எந்தக் கோடு வெறும் விரிசல்னு ஆளுக்கு ஆள் வேற வேற சொல்லுவாங்க. விரலுங்க நீளமா மெலிசா இருக்கு, கிளைய புடிக்கற கை. இதுக்கு மேல முதுகுல இருந்து ஏழு நீளமான உறுப்பு விசிறி மாதிரி விரிஞ்சு கிளம்புது. ஒவ்வொன்னும் அடியில ஒடுக்கமா ஆரம்பிச்சு, மேல போகப்போக அகலமாகி, நுனிகிட்ட பின்பக்கமா வளையும், ஹாக்கி மட்டைய நிமித்தி வெச்ச மாதிரி. அந்தப் பிராணியோட உடம்பே உள்ளங்கைல அடங்கிடும், ஆனா இந்த உறுப்புங்க நடு உடம்ப விட நீளம். ஷரோவ் எடுத்த கல்லுங்கள்ல இந்த உறுப்பு மட்டும் தனியா கிடைச்ச துண்டுங்களும் உண்டு, எலும்பு இருக்கறது மட்டும் இந்த ஒரே கல்லுலதான்.

ஒரு உறுப்ப கிட்ட போய் பாத்தா நடுவுல நீளவாக்குல ஒரு கோடு ஓடுது, அதுக்கு ரெண்டு பக்கமும் குறுக்குவாக்குல நெருக்கமா மேடு பள்ளம் மேடு பள்ளமா வரி. முன்விளிம்பு ஒரு தடிப்பா தெரியுது. இங்கதான் கண்ணு ஏமாறும், ஏன்னா நடுத்தண்டும் ரெண்டு பக்கம் கீத்தும்னு பாத்தா நமக்கு உடனே மனசுல வர்றது இறகுதான். ஆனா அந்த குறுக்கு வரிங்க தனித்தனி இழையா பிரியவே இல்ல, ஒரே தகட்டுல விழுந்த மடிப்பு அதெல்லாம். விளிம்புல எந்த இடத்துலயும் இழை பிசிறி நிக்கறத நான் பாத்த போட்டோ எதுலயும் காணோம். நிஜ இறகு ஃபாஸிலான கல்லுங்கள்ல, அது எவ்ளோ மோசமா நசுங்கியிருந்தாலும், எங்கயாவது ஒரு ஓரத்துல இழை பிரிஞ்சு கிடக்கும்.

ஷரோவே இத இறகுன்னு சொல்லல, நீண்டுபோன செதில்னுதான் எழுதினாரு, மரத்துல இருந்து கீழ குதிக்கறப்போ வேகத்த கொறைக்க உதவியிருக்கலாம்னு நெனச்சாரு. கண்ணுக்குழிக்கு முன்னாடி மண்டை ஓட்டுல இன்னொரு ஓட்டை இருக்குன்னு அவரு பாத்ததால முதலை, டைனோசர், பறவை எல்லாம் அடங்கின ஆர்க்கோசார் கூட்டத்தோட இத சேத்தாரு, காறை எலும்பு ரெண்டும் பறவைக்கு இருக்கற மாதிரி ஒட்டியிருக்குன்னும் சொன்னாரு. அந்த ஓட்டை நிஜமா அல்லது உடைஞ்ச எலும்புக்கு நடுவுல தெரியற இடைவெளியாங்கறது அப்போ இருந்தே சந்தேகம்தான், இன்னிக்கு பெரும்பாலானவங்க அத ஏத்துக்கறதில்ல. 1987ல ஹவுபோல்ட், புஃபெட்டோ ரெண்டு பேரும் சேந்து இன்னொரு யோசனை சொன்னாங்க: உறுப்புங்க ஜோடி ஜோடியா இருந்துச்சு, ரெண்டு பக்கமும் படுக்கவாக்குல விரிச்சா ஒன்னு மேல ஒன்னு ஏறி ஒரு இறக்கை மாதிரி ஆகும், அத வெச்சு சறுக்கியிருக்கும்னு. நெட்ல இன்னிக்கும் சுத்தற பாதி படம் அந்த யோசனையோட வாரிசுதான். பாக்க ரொம்ப அழகு, ஆனா கல்லுல ஒரே ஒரு வரிசைதான் தெரியுது, ஜோடிக்கு ஆதாரம் இல்ல, முதுகோட நடுக்கோட்டுல நட்டுக்கிட்டு நிக்கற ஒத்த வரிசைய வெச்சு காத்துல சறுக்க முடியாது.

பெரிய சண்டை 2000ல. 1999ல ரஷ்ய ஃபாஸிலுங்க அமெரிக்காவுக்கு கண்காட்சிக்கு போனப்போ டெரி ஜோன்ஸ், ஜான் ரூபன் முதலான சில பேரு இந்தக் கல்ல நல்லா பாத்துட்டு, சயின்ஸ் பத்திரிகையில இது இறகேதான்னு எழுதினாங்க. அடியில உறை மாதிரி இருக்கு, உள்ள குழலா இருக்கு, நடுத்தண்டு இருக்கு, பக்கவாட்டுல கீத்து இருக்கு, அதனால பறவை இறகும் இதுவும் ஒரே பூர்வீகம்னு அவங்க வாதம். அந்தக் குழுவுல இருந்த சில பேரு ஏற்கனவே பறவை டைனோசர்ல இருந்து வரலன்னு வாதாடிக்கிட்டு இருந்தவங்க, அது நடந்த நேரத்தையும் பாக்கணும்: 1996ல சீனாவோட லியோனிங்ல இருந்து சினோசாரோப்டெரிக்ஸ் வந்துச்சு, உடம்பெல்லாம் மெல்லிசான இழையோட ஒரு டைனோசர், அதுக்கப்புறம் வருஷத்துக்கு ஒன்னா இறகுள்ள டைனோசர் வர ஆரம்பிச்சுச்சு. அந்த அலைக்கு எதிர்ல இவங்களுக்கு கிடைச்ச ஒரே துருப்பு லாங்கிஸ்குவாமா. உங்க கேள்வியில இருக்கற "அப்போ டைனோசர்ல இருந்து வரலயா" அங்க இருந்து கிளம்பினதுதான், கால் நூற்றாண்டுக்கு அப்புறமும் அது படத்தோட சேந்து சுத்திக்கிட்டு இருக்கு.

பதிலும் சீக்கிரமே வந்துச்சு. அதே 2000ல ராபர்ட் ரைஸும் ஹான்ஸ் டீட்டர் சூஸும் நேச்சர் பத்திரிகையில, இது மடிப்பு விழுந்த தட்டையான உறுப்பு, இறகுக்கான எந்த கட்டமைப்பும் இல்லன்னு எழுதினாங்க. அடுத்த வருஷம் ரிச்சர்ட் ப்ரம்மும், தனியா டேவிட் அன்வின், மைக்கேல் பென்டனும் ஏறக்குறைய அதே மறுப்ப சொன்னாங்க. ப்ரம் இறகு எப்படி உருவாகுதுங்கறதுல பெரிய ஆளு, அவரோட வாதம்தான் எனக்கு மனசுல நிக்குது. இறகுன்னா அதோட வடிவம் மட்டும் இல்ல, அது வளர்ற முறை. தோலுக்குள்ள ஒரு குழி, குழிக்குள்ள ஒரு வளையம், அந்த வளையத்துல இருந்து இழைங்க தனித்தனியா வளந்து ஒரு பக்கமா நகர்ந்து நடுத்தண்டோட சேரும், ஒவ்வொரு இழையில இருந்தும் இன்னும் சின்ன இழை கிளம்பும். அதனால கிளை விடறதுங்கறது இறகுக்கு மேலோட்டமான அலங்காரம் இல்ல, அதோட உயிர்நாடி. கிளையே இல்லாத ஒரு தகட்ட, நடுவுல கோடு இருக்குங்கறதுக்காக இறகுன்னு சொல்ல முடியாது. இந்த அளவுக்கு எனக்கு சந்தேகமே இல்ல: பறவைக்கு இருக்கற அர்த்தத்துல இது இறகு இல்ல.

ஆனா மறுத்தவங்கள்ல சில பேரு இன்னும் ஒரு படி மேல போனாங்க, இது பிராணியோட உறுப்பே இல்ல, பக்கத்துல விழுந்து கிடந்த இலைன்னாங்க. அது எனக்கு அப்பவே ஒட்டல. மடிகென்ல இலை ஃபாஸில் நிறைய உண்டு, ஒரு இலை எலும்பு மேல விழறது சாதாரணம், ஆனா ஏழு இலை ஒரே திசையில ஒரே மாதிரி வளைஞ்சு, முதுகெலும்புகிட்ட அடியும் வெளிப்பக்கம் நுனியுமா, சீரான இடைவெளியில வந்து உக்காருமா? அந்த வரிசைதான் அது உடம்போட ஒட்டினதுங்கறதுக்கு சாட்சி. ஆனா ஒத்த கல்ல வெச்சுக்கிட்டு இத நிரூபிக்கறது கஷ்டம், நீ இப்படி பாக்கற நான் அப்படி பாக்கறேன்னே போயிட்டிருந்துச்சு. ஒரே ஒரு மாதிரி உள்ள பிராணிங்க எல்லாத்துக்கும் இந்த கதிதான், எந்த கருத்தையும் சோதிச்சுப் பாக்க இன்னொன்னு வேணும்.

கொஞ்சம் வெளிச்சம் ஜெர்மனியோட ஃப்ரைபெர்க்ல இருந்து வந்துச்சு. அங்க இருந்து போன குழு மடிகென்ல திரும்பவும் தோண்டி இந்த உறுப்போட புது துண்டுங்கள எடுத்தாங்க, 2009ல செபாஸ்டியன் ஃபொய்க்ட் குழுவும் 2012ல புஷ்விட்ஸும் ஃபொய்க்ட்டும் எழுதின ரெண்டு கட்டுரையும் நிதானமானது, படிக்க கிடைச்சா படிங்க. இது இறகு இல்ல, ஆனா சாதாரண பல்லியோட செதிலும் இல்லங்கறாங்க. சாதாரண செதில் தோலோட மேல்பரப்பு மடிஞ்சு உண்டாகறது. இதோட அடிப்பாகத்த பாத்தா தோலுக்குள்ள ஆழமா வேர் விட்ட மாதிரி, இறகுக்கும் முடிக்கும் இருக்கற குழி மாதிரி ஒன்னுல இருந்து வளந்த மாதிரி தெரியுது, பல கட்டமா வளந்திருக்கணும். அப்புறம் ஒத்த வரிசைதான், நடு முதுகுலதான், பறக்க சறுக்க இல்ல, மத்ததுக்கு காட்ட வெச்சிருந்த கொண்டை. ரொம்ப நாளா நானும் யாராவது கேட்டா இதத்தான் சொல்லிட்டு வந்தேன், வேர் விட்ட சங்கதி மட்டும் இன்னும் நல்ல ஆதாரம் வேணும்னு சேத்து சொல்லுவேன்.

அந்த ஆதாரம் 2025 ஜூலையில வந்துச்சு, அதுவும் யாரும் எதிர்பாக்காத இடத்துல இருந்து. பிரான்ஸோட அல்சாஸ் பகுதியில ட்ரயாசிக் மணற்கல் இருக்கு, அங்க லூயி க்ரோவோகெல்ங்கற சேகரிப்பாளர் 1930கள்ல இருந்து ஃபாஸில் பொறுக்கி சேத்து வெச்சிருந்தாரு. அந்த சேகரிப்பு 2019ல ஜெர்மனியோட ஸ்டுட்கார்ட் இயற்கை அருங்காட்சியகத்துக்கு போச்சு, அங்க கல்ல சுத்தம் பண்ணிக்கிட்டு வர்றப்போதான் உள்ள என்ன இருக்குன்னே தெரிஞ்சுது. ஸ்டெஃபான் ஸ்பீக்மன், ரைனர் ஷோக் குழு அதுக்கு மிராசாரா க்ரோவோகெலின்னு பேரு வெச்சு நேச்சர்ல வெளியிட்டாங்க. வயசு சுமார் 24 கோடியே 70 லட்சம் வருஷம், லாங்கிஸ்குவாமாவ விட மூத்தது. நல்லா பாதுகாக்கப்பட்ட எலும்புக்கூடு ரெண்டு, அதோட தனி உறுப்பும் மென்மையான திசுவும் உள்ள மாதிரிங்க எண்பது. ஒத்த கல்ல வெச்சு அடிச்சுக்கிட்டு இருந்த விஷயத்துக்கு எண்பது கல்லு! அந்தக் கட்டுரைய தெறந்து முதல் படத்த பாத்தப்போ எனக்கு கை நடுங்குச்சுன்னே சொல்லணும், ஏன்னா முதுகுல அதே வரிசை, அதே நடுக்கோடு, எலும்புக்கூட்டோட சேந்து. இலைங்கற பேச்சு அன்னிக்கே முடிஞ்சுது.

அந்த உறுப்புங்கள்ல பழுப்பா ஒரு படலம் ஒட்டியிருந்துச்சு, எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல வெச்சுப் பாத்தப்போ அதுல மெலனோசோம் தெரிஞ்சுது. மெலனோசோம்னா நிறமிய வெச்சிருக்கற நுண்ணிய பை, முடிக்கும் இறகுக்கும் தோலுக்கும் நிறம் குடுக்கறது அதுதான், பத்து பதினஞ்சு வருஷமா டைனோசரோட நிறத்த கண்டுபிடிக்கறதும் இத வெச்சுத்தான். இந்தப் பைங்களோட நீள அகலத்த அளந்து இன்னிக்கு இருக்கற பிராணிங்களோட ஒப்பிட்டாங்க, பல்லித் தோல்ல இருக்கறதோடயும் பொருந்தல, முடியில இருக்கறதோடயும் பொருந்தல, இறகுல இருக்கற வடிவத்துக்குத்தான் கிட்ட வந்துச்சு. ஆனாலும் கிளை இல்ல, இழை இல்ல. இறகோட நிறமி அமைப்புக்கு பக்கத்துல வர்ற, ஆனா இறகு இல்லாத, செதிலும் இல்லாத ஒரு மூணாவது சங்கதி. இதுக்கு நம்மகிட்ட இன்னிக்கு உயிரோட உதாரணமே கிடையாது, அதுதான் இதுல இருக்கற பெரிய செய்தின்னு நான் நெனைக்கறேன், பறவை விவாதம் இல்ல.

இது யாரோட சொந்தம்ங்கறதுக்கும் மிராசாரா ஒரு பதில் குடுத்துச்சு. அது ட்ரெபனோசார்ங்கற கூட்டத்த சேந்தது, லாங்கிஸ்குவாமாவும் அதே கூட்டத்துல அதோட நெருங்கின சொந்தமா வருது, ரெண்டையும் ஒரே குடும்பமா போட்டிருக்காங்க. ட்ரெபனோசாருங்க ட்ரயாசிக்கோட வினோதமான மரவாசிங்க: இத்தாலியில கிடைச்ச ட்ரெபனோசாரஸுக்கு முன்னங்கையில ஒரே ஒரு விரல்ல மட்டும் ராட்சச நகம், மெகலான்கோசாரஸுக்கு கிளைய சுத்திப் புடிக்கற வாலு, அந்த வாலோட நுனியில எலும்பாலயே ஒரு கொக்கி. இன்னொரு விஷயம், இந்தக் கூட்டத்துக்கு தலை பறவைத் தலை மாதிரி இருக்கும், நியூ மெக்சிகோவுல கிடைச்ச அவிக்ரேனியத்துக்கு பல்லே இல்லாத கூர் மூக்கு, பெரிய கண்ணு, உருண்ட மண்டை. மிராசாராவோட மண்டையும் அந்த வகைதான், சின்க்ரோட்ரான்ங்கற ரொம்ப சக்தியுள்ள எக்ஸ்ரேவுல கல்லுக்குள்ள பாத்து அத திரும்ப கட்டியிருக்காங்க, குறுகலான மூக்க மரப்பொந்துக்குள்ள விட்டு பூச்சி எடுத்திருக்கும்னு நெனைக்கறாங்க. 1993லயே மெகலான்கோசாரஸ காட்டி பறவையோட பூர்வீகம் இந்தப் பக்கம் இருக்கலாம்னு எழுதினவங்க உண்டு. மரத்துல வாழ்ந்து பூச்சி தின்னா தலை அப்படி ஆகுதுங்கறதுதான் விஷயம், சொந்தத்துக்கு அது அடையாளம் இல்ல. மடிகென்லயே கிர்கிஸ்சாரஸ்னு ஒரு ட்ரெபனோசார 2011ல விவரிச்சிருந்தாங்க, ஆக லாங்கிஸ்குவாமாவோட சொந்தக்காரங்க அதே ஏரிக்கரையில இருந்திருக்காங்கங்கறது அப்பவே கையில இருந்த துப்பு.

இந்த கூட்டம் ஊர்வன மரத்துல எங்க நிக்குதுங்கறதுதான் உங்க மூணாவது கேள்விக்கு சாவி. பல ஆய்வுங்கள்ல இவங்க பல்லி, பாம்பு, ஆமை, முதலை, பறவைன்னு இன்னிக்கு இருக்கற ஊர்வன எல்லாம் பிரியறதுக்கும் முன்னாடியே ஒதுங்கிப்போன பழைய கிளையில வர்றாங்க. துல்லியமா எந்த கணுவுல ஒதுங்கினாங்கங்கறது ஆய்வுக்கு ஆய்வு கொஞ்சம் நகருது, அத நான் கல்வெட்டு மாதிரி சொல்லமாட்டேன், ஆனா பறவைக்கு நேர் மூதாதையா யாரும் இவங்கள வெக்கறதில்ல. அப்புறம் பறவை டைனோசர்ல இருந்து வந்துச்சுங்கறது இறகு ஒன்ன மட்டும் நம்பி நிக்கற வாதம் கிடையாது. இறகுள்ள டைனோசர் ஒன்னுகூட கிடைக்காத காலத்துலயே, லாங்கிஸ்குவாமா கிடைச்ச அதே 1969ல, ஜான் ஆஸ்ட்ரம் டைனோனிக்கஸ்ங்கற டைனோசர விவரிச்சாரு, அடுத்த சில வருஷத்துல அதோட மணிக்கட்டையும் கையையும் தோளையும் ரொம்ப பழைய பறவையான ஆர்க்கியோப்டெரிக்ஸோட ஒவ்வொரு எலும்பா ஒப்பிட்டு காட்டினாரு. மணிக்கட்டுல பிறை வடிவ எலும்பு, மூணு விரல் கை, ஒட்டின காறை எலும்பு, உள்ள காத்துப்பை ஓடின பொள்ளல் எலும்பு, முட்டை மேல கை விரிச்சு உக்காந்தபடியே கல்லான டைனோசர், இதெல்லாம் தனித்தனி ஆதாரம். இறகு அதுக்கெல்லாம் மேல வந்து சேந்தது. லாங்கிஸ்குவாமாகிட்ட இந்தப் பட்டியல்ல எதுவும் உறுதியா இல்ல, பின்பாதி உடம்பே இல்லாத ஒரு நசுங்கின கல்ல வெச்சு இத்தனையையும் தள்ளிவிட முடியாது. காலக்கணக்கும் உதவாது, ஆர்க்கியோப்டெரிக்ஸ் சுமார் 15 கோடி வருஷம், இதுக்கும் அதுக்கும் நடுவுல எட்டு கோடி வருஷத்துக்கு மேல இடைவெளி, அந்த இடைவெளியில இந்த வழியா பறவைக்கு போற ஒரு பிராணியும் கிடைச்சதில்ல.

ஆனா ஒன்னு, "இறகு இல்ல, விடு"ன்னு கடந்து போறதும் சரியில்ல, ஏன்னா கேள்வியோட அடியில ஒரு நியாயமான விஷயம் இருக்கு. 2016ல டி போயும் மிலின்கோவிச்சும் முதலை, பல்லி, பாம்பு கருவ பாத்து, அதுங்களோட செதிலும் முடி, இறகு ஆரம்பிக்கற அதே மாதிரி ஒரு சின்ன தடிப்புல இருந்துதான் ஆரம்பிக்குதுன்னு காட்டினாங்க. ஆக செதில், முடி, இறகு மூணுக்கும் ஆரம்பப் புள்ளி ஒன்னு, அது ரொம்ப ரொம்ப பழசு. அந்தப் பழைய கருவிய வெச்சு டைனோசர் பக்கம் இறகு பண்ணுச்சு, நம்ம பக்கம் முடி பண்ணுச்சு, ட்ரெபனோசார் பக்கம் இந்த தகடு பண்ணுச்சுன்னு பாக்கறதுதான் இன்னிக்கு கையில இருக்கற ஆதாரத்துக்கு பொருந்துது. ட்ரயாசிக்குக்கு முந்தின பெர்மியன் காலத்தோட முடிவுல, 25 கோடியே 20 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி, உலகத்துல பெரும்பாலான உயிரினம் அழிஞ்சுது, அதுக்கு அப்புறம் அஞ்சு கோடி இல்ல, வெறும் அம்பது லட்சம் வருஷத்துல மிராசாரா இப்படி ஒரு கொண்டையோட மரத்துல நிக்குது. இறகு டைனோசருக்கும் பறக்கும் ஊர்வனவுக்கும் பொதுவான மூதாதைகிட்ட ஒரு தடவைதான் தோணுச்சா அல்லது தனித்தனியா வந்துச்சாங்கறது இன்னும் நடக்கற வாதம், அதுல ரெண்டு பக்கமும் நல்ல ஆளுங்க இருக்காங்க. லாங்கிஸ்குவாமா அந்த வாதத்துக்கும் வெளிய நிக்குதுங்கறது என் கருத்து.

கடைசியா நீங்க போட்ட படத்த பத்தி. முதுகு வரிசையும், முன்னங்கையும், அந்த உறுப்போட வளைவும் சரி. ரெண்டு பக்கமும் விரிச்சு காத்துல மிதக்கறது சரியில்ல. மத்ததுக்கு காட்டத்தான் இந்த கொண்டைங்கறது இருக்கறதுலயே நல்ல விளக்கம், ஒத்த வரிசையா முதுகுல நிக்கறது உடம்பு சூட்ட காக்கவும் உதவாது, ஒளிஞ்சுக்கவும் உதவாது, எதிரிக்கு தன்ன பெருசா காட்டவோ ஜோடிய கூப்பிடவோதான் லாயக்கு, ஆனா நடத்தை கல்லுல பதியாது, அதனால இத நான் வாய்ப்பு அதிகம்னுதான் சொல்லுவேன். ஆரஞ்சும் நீலமுமா போட்டிருக்கற நிறம் ஓவியரோட கற்பனை, மெலனோசோம் கிடைச்சது மிராசாராவுல, அதுல இருந்தும் லாங்கிஸ்குவாமாவுக்கு இன்ன நிறம்னு யாரும் சொல்லல. பின்னங்காலும் வாலும் முழுக்க இரவல். பழைய படங்கள்ல அத சாதாரண பல்லி உடம்புல இருந்து எடுத்து ஒட்டினாங்க. இனிமே வரையறவங்க மிராசாராவோட, மத்த ட்ரெபனோசாரோட பின்பாதிய எடுத்துப்பாங்க, அது முன்ன இருந்தத விட ரொம்ப நியாயமான இரவல், ஆனாலும் மடிகென்ல ஒரு முழு எலும்புக்கூடு கிடைக்கற வரைக்கும் லாங்கிஸ்குவாமா படத்துல இடுப்புக்கு பின்னாடி தெரியற எதையும் நம்பி வாதம் பண்ணாதீங்க.